திரையில் எட்டுக் காய்கள்

அன்றைக்கு ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள். எங்கள் கணினிக்கூடத்தில் மூன்றாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் பாஸ்வேர்டை அடிப்பாள். திரை ஒரு நொடி இருண்டு, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும் அதே இடத்தில் வந்து நிற்கும். மறுபடி அடிப்பாள். மறுபடி அதே. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா பாரு, மறந்திருப்ப, நல்லா யோசி.

அங்கே என்னோடு வேலை பார்த்த அக்கா வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"நீ அடிச்சது சரிதாம்மா. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லியிருக்கும்ல? இது உன்னை உள்ள விடத்தான் பாக்குது. அதுக்கு முடியல."

நின்றபடியே குனிந்து மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். நீலத் திரை போய், கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் வந்தது. நாலைந்து வரி அடித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிய பிறகு நான் கேட்டேன்.

"என்னக்கா ஆச்சு?"

"டிஸ்க் ரொம்பிப் போச்சு. கதவு திறக்குது, உள்ள கால் வைக்க எடமில்ல, அதான் திரும்ப வெளிய தள்ளுது. யாரோ படம் படமா இறக்கி வச்சிருக்காங்க. எல்லாத்தையும் என் மெஷினுக்கு மாத்திட்டேன்."

"யாருக்கா அது?"

"எதுக்கு?" என்றார்.

அந்த "எதுக்கு" என்ற சொல்லில் கோபம் இருக்காது. உண்மையாகவே, அது தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பார். நானே விட்டுவிடுவேன். இரண்டு நாள் கழித்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, படம் இறக்குகிறவர்கள் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. படங்கள் உரியவரிடம் போய்ச் சேர்ந்தன என்பது எனக்குத் தெரியும். யாரிடம் என்பது இன்றுவரை தெரியாது.

பழங்காநத்தத்தில் ஓர் அரிசிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்தக் கணினிக்கூடம். பெண்களுக்கு மட்டும். வியாபாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய அறக்கட்டளையின் இடம். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பத்துக் கம்ப்யூட்டர்களைச் சுவரோரமாக வரிசையாக வைத்திருந்தார்கள். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், தட்டச்சுப் பழகுகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனை முகம் பார்த்துப் பேச வருகிறவர்கள் என்று எல்லா வயதிலும் வருவார்கள். நான் மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, படியேறியதும் இருக்கும் மேசையில் வருகை நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை.

அக்காவுக்கு வீடு மகால் பக்கத்துச் சந்தில். என்னைவிட நாலு வயது மூத்தவர். டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். கூடத்துக்குள் வந்ததும் பர்தாவைக் கழற்றி நாலாக மடித்து என் மேசை இழுப்பறையில் வைப்பார். சுடிதார் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டால் மதியத் தொழுகைவரை நிமிர மாட்டார். பத்து மெஷினுக்கும் அவர்தான் நிர்வாகி. யார் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், எதை இறக்கினார் எல்லாம் அவர் பார்க்க முடியும். எல்லாம் தெரியும், ஒன்றையும் சொல்ல மாட்டார். ஆறு வருஷம் பக்கத்தில் இருந்த எனக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தெரிந்ததெல்லாம் இதைச் சுற்றித்தான்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் பேரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரை வருமே, நாங்கள் அதை லாகின் ஸ்கிரீன் என்போம். அக்கா அதை வாசல் என்பார். அந்தப் பழைய மெஷின்களில் லினக்ஸ்தான் ஓடியது. அதில் இந்த வாசலுக்கென்றே தனியாக ஒரு புரோகிராம் உண்டு என்பதும், அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஒரு கோப்பில் வரிவரியாக எழுதியிருக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி இருந்தால் அந்த வரி தூங்குகிறது. குறியை அழித்தால் எழுந்துகொள்ளும். மெஷின் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதில் அக்காவுக்கு அக்கறை கிடையாது. இந்த ஒரு கோப்பின் முன்னால் மட்டும் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை வரிசையாக ஏழு பேருக்குப் பாஸ்வேர்டு தப்பு என்று வந்தது. அக்கா அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தி நாற்காலியிலும் தானே போய் உட்கார்ந்து, அவர்கள் அடிப்பதைப் போலவே அடித்துப் பார்த்தார். நாலாவது நாற்காலியில் சிரித்துவிட்டார். எண்களைக் கீபோர்டின் வலதுகைப் பக்கத்து எண் கட்டத்தில் அடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அவர்கள். மெஷின் எழுந்திருக்கும்போது அந்தக் கட்டம் அணைந்திருந்தது. கோப்பில் ஒரு வரி சேர்த்தார். அதற்குப் பிறகு திரை வரும்போதே அதுவும் விழித்திருந்தது. "ஏழு பேரும் தங்க மேலதான் தப்புன்னு நெனச்சுட்டு இருந்துருக்காங்க பாரு" என்றார். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அறக்கட்டளைச் செயலாளர் பைப் கடை வைத்திருந்தவர். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் பகட்டு. சனிக்கிழமை மட்டும் வருவார். நிர்வாகிகள் ஐந்து பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோவை லாகின் திரையில் போட வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். அக்கா மறுக்கவில்லை, போட்டுக் காட்டினார். பாஸ்வேர்டு அடிக்கிற கட்டம் சரியாகச் செயலாளரின் மூக்குமேல் வந்து உட்கார்ந்தது.

"கட்டத்தை நகத்த முடியாதாம்மா?"

"நகத்தலாம்ண்ணே. நகத்துனா பொருளாளர் வாயில வரும்."

அவரே சிரித்துவிட்டு, வேண்டாம் எடுத்துவிடு என்றார்.

எனக்கும் அக்காவிடம் ஒரு கூச்சம் இருந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் கூடம் காலியாக இருந்தபோது, என் வீட்டு விஷயம் ஒன்றைப் பற்றி மெஷினில் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா தொழுதுவிட்டு வந்து பின்னால் கடந்து போனார். பார்த்தாரா இல்லையா தெரியவில்லை. மறுநாள் எல்லாருக்கும் பொதுவாக, தேடியதன் தடயத்தை எப்படி அழிப்பது என்று நின்று விளக்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை. நன்றியும் இருந்தது, ஒரு மாதிரி சங்கடமும் இருந்தது. நம்மைப் பற்றித் தெரிந்த ஒருவர் தெரியாத மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எளிதில் பழகிவிடுகிற விஷயம் அல்ல.

அந்தச் சங்கடம் மரியாதையாக மாறியது விளாங்குடிப் பெண்ணின் விஷயத்துக்குப் பிறகு.

அப்போதெல்லாம் லாகின் திரையில் அந்த மெஷினைப் பயன்படுத்துகிற எட்டுப் பேரின் பேரும் வரிசையாகத் தெரியும். தன் பேரைத் தட்டி, பாஸ்வேர்டு மட்டும் அடித்தால் போதும். ஒரு நாள் காலையில் வாட்டசாட்டமான ஒருவர் மேலே வந்தார். தன் தங்கையைச் சேர்க்க வேண்டும், இடத்தைப் பார்க்கலாமா என்றார். நான்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவர் மெஷின் மெஷினாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாம் நம்பர் முன்னால் நின்றார். திரையில் எட்டுப் பேர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க, வாரேன்" என்று போய்விட்டார்.

விளாங்குடியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அவளுடைய தோழி வந்து சொன்னாள்: வீட்டுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருந்தாளாம், அண்ணன் இங்கே வந்து திரையில் அவள் பேரைப் பார்த்துவிட்டானாம், போனைப் பிடுங்கிவிட்டார்களாம். தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

நான்தானே கூட்டிப் போனேன்.

"நீ என்ன செய்வ?" என்றார் அக்கா. "இடத்தக் காட்டுன, அம்புட்டுத்தான். பேரை எழுதி வாசல்ல தொங்க விட்டது நானு."

அன்று அவர் சாப்பிடவில்லை. கோப்பைத் திறந்தார். பேர்களைக் காட்டாதே என்பதற்கு ஒரு வரி உண்டு. அதன் முன்னால் ஹேஷ் குறி இருந்தது. அதை அழித்தார். மெஷின் ஒரு கணம் கறுத்து மீண்டது. பேர்களே இல்லை. வெறும் கட்டம் ஒன்று. பத்து மெஷினுக்கும் அதையே செய்தார். ஒவ்வொன்றும் கறுத்து மீளும்போதும் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். என் நோட்டையும் வாங்கி, இனி பேர் எழுத வேண்டாம், ஒரு கோடு மட்டும் போடு என்றார். தலைக் கணக்குத்தான் வேண்டும் என்பதால் செயலாளரும் சரி என்றுவிட்டார்.

விளாங்குடிப் பெண் திரும்ப வரவே இல்லை. அவள் பேரிலிருந்த கோப்புகளை அக்கா கடைசிவரை அழிக்கவும் இல்லை.

பேரை மறைத்ததில் இன்னொரு சிக்கல் வந்தது. கூடத்துக்குக் கீழே தெரு முனையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிற ஒரு அம்மா, வியாபாரம் முடிந்ததும் மத்தியானம் மேலே வந்து துபாயில் இருக்கிற மகனோடு பேசுவார். அவரைக் கொஞ்ச நாளாகக் காணோம். அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு வண்டிக்குப் போய், அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கியபடி கேட்டார்.

"ஏம்மா, மேல வாரதே இல்ல? மகன் கோவிச்சுக்கிட்டானா?"

அந்த அம்மா தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முன்ன எம்பேரு தமிழ்ல தெரியும், தட்டிவிட்டுப் போவேன். இப்ப வெத்துக் கட்டமா நிக்குதுத்தா. இங்கிலீசுல அடிக்கணுங்காக. நாலு நாளு வந்து உக்காந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போனேன். ஒங்ககிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு."

அக்கா வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தரிக்காய், முருங்கைக்காய், பாகற்காய், வெள்ளரிக்காய் என்று குவியல் குவியலாக இருந்தது. "எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு போடும்மா" என்றார்.

மேலே வந்து, என் மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து, ஒவ்வொரு காயாக வைத்துப் போனில் படம் எடுத்தார். அடுத்த நாலு நாள் மெஷின்களோடேயே இருந்தார். எல்லாருடைய கணக்கையும் புதிதாக உண்டாக்கி, பழைய கோப்புகளை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தார். திரையில் மறுபடியும் எட்டு வரிசை வந்தது. இந்தத் தடவை ஒவ்வொன்றிலும் ஒரு காயின் படம், பக்கத்தில் தமிழில் அதன் பேர். ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு எந்தக் காய் வேண்டும் என்று கேட்டார். எந்தக் காய் யாருடையது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. என் நோட்டிலும் கோட்டுக்குப் பதில் மெஷின் நம்பரும் காயின் பேரும்தான். படமெடுத்த காயையெல்லாம் நான் மேலூருக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தேன்.

காய்கறி அம்மா முதல் நாள் திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கு வெண்டைக்காய். தட்டினார், வெறும் எண்ணாக வைத்திருந்த பாஸ்வேர்டை அடித்தார், உள்ளே போனார், மகனிடம் உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பாகற்காயை எடுத்தது மதினி. செயலாளரின் மனைவி. கணவரை அண்ணே என்று கூப்பிடுவதால் எங்களுக்கு இவர் மதினி. இதை மதினியே பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் நானும் சொல்லலாம். கல்யாணம் பேசும்போது பெண் பத்தாவது பாஸ் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். உண்மையில் கணக்கில் பெயில். இருபது வருஷமாக அதை மறைத்தே வாழ்ந்தவர், மகன் காலேஜுக்குப் போன பிறகு தனித்தேர்வு எழுதிவிடுவது என்று முடிவு பண்ணி, அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வாரத்தில் மூன்று மத்தியானம் இங்கே வந்து கணக்குப் பாடம் பார்ப்பார். சனிக்கிழமை மட்டும் வர மாட்டார்.

"பாகற்காயா மதினி?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல யாருக்கும் பிடிக்காது. ஒருத்தரும் தொட மாட்டாங்க" என்றார்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை செயலாளர் தன் நண்பர் ஒருவரோடு வந்தார். அவரும் கடைக்காரர். முகம் வெளிறிப்போயிருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். அவள் இப்போது வேண்டாம் என்கிறாள். காரணம் சொல்ல மறுக்கிறாள். இங்கே வந்து எதற்கோ விண்ணப்பம் போடுகிறாள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். உள்ளே வந்து திரைகளைப் பார்த்தார்.

"என்னப்பா இது, காய்கறிக் கடையா நடத்துறீங்க?"

செயலாளர் அக்காவைக் கூப்பிட்டார். "ஏம்மா, இவுக மக இங்க வருதாமே. எந்தக் காய்?"

அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். எந்தக் காய் என்பது எனக்கும் தெரியும். இங்கேயும் எழுதவில்லை.

அக்கா தெரியாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"யார் யாரு என்ன காயின்னு எனக்குத் தெரியும்ண்ணே" என்றார் அக்கா. "யாரைப் பத்திக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். வாராங்கன்னும் சொல்ல மாட்டேன், வரலைன்னும் சொல்ல மாட்டேன்."

"பெத்த தகப்பன் கேக்குறாரும்மா."

"அவரு கேக்க வேண்டியது அந்தப் புள்ளகிட்டண்ணே."

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவாகியிருக்குமாமே? பாத்துச் சொல்றதுக்கு என்ன?"

"பதிவாகியிருக்கும்ண்ணே. பாக்க மாட்டேன்."

நண்பர் முன்னால் செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. வாசல்லயே உக்காந்திருக்க."

"தினம் எம்புட்டுப் பேரு வாராங்கண்ணே. எனக்கு முகமெல்லாம் ஞாபகம் இல்ல" என்றேன். பொய். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

அவர் என்னை விட்டுவிட்டார். அக்காவிடம், "இப்பச் சொல்லலைன்னா திங்கக்கிழமையில இருந்து நீ வர வேணாம்" என்றார்.

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாகற்காய் யார் என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும். அதைக்கூட விட வேண்டாம். "எல்லார் வீட்டு விஷயமும் இதுக்குள்ள இருக்குண்ணே" என்று கோடி காட்டியிருந்தாலே அவர் யோசித்திருப்பார். அக்கா மனதில் அது வந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வந்த மாதிரி முகத்தில் ஒன்றும் இல்லை.

"சரிண்ணே" என்றார்.

அவர்கள் போன பிறகு, பாதியில் நின்றிருந்த ஒன்பதாம் நம்பர் மெஷினின் மின்விசிறியைத் துடைத்துப் பூட்டி, திருகாணிகளை முடுக்கி, போட்டுப் பார்த்து, ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"நான் பொய் சொல்லிட்டேன்க்கா."

"காட்டிக் குடுக்கலைல்ல? போதும்" என்றார். "நீ மேலூர்ல இருந்து வந்துபோய் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கணும். எனக்கு எங்கயாவது ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கிற எடம் கிடைச்சிரும்."

செவ்வாய்க்கிழமை மதினி வந்தார். அக்காவைத் தேடினார். இனி வர மாட்டார் என்றேன். ஏன் என்றார். நான் எதையும் சேர்க்காமல் சொன்னேன்: யாரோ ஒருவரைப் பற்றி அண்ணன் கேட்டார், அக்கா தெரியும், சொல்ல மாட்டேன் என்றார், அதனால் நிறுத்திவிட்டார்.

மதினி குரலைத் தாழ்த்தினார். "என்னைப் பத்தி?"

"ஒரு வார்த்தை வரல மதினி."

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தன் மெஷினில் உட்கார்ந்து, பாகற்காயைத் தட்டி, பாஸ்வேர்டு அடித்து, இரண்டு மணி நேரம் நோட்டில் கணக்குப் போட்டார். போகும்போது அந்த நோட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை மதினியே சொல்லித்தான் கேட்டோம். செயலாளர் கடையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மதினி நோட்டை அவர் முன்னால் வைத்திருக்கிறார். "நான் பத்தாவது பாஸ் இல்ல. உங்க எடத்துலதான் ஒண்ணரை வருஷமா படிக்கிறேன். பாகற்காய் நான்தான். அந்தப் பொண்ணு நெனச்சிருந்தா என் பேரைச் சொல்லித் தன் வேலையக் காப்பாத்தியிருக்கலாம். செய்யல. நீங்க அவளப் போகச் சொல்லியிருக்கீங்க." செயலாளர் டீயை வைத்துவிட்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாராம். கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகு, "பெயில்னு சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டேன்னா நெனச்ச?" என்று கேட்டாராம். "ஆமா" என்றாராம் மதினி.

புதன்கிழமை செயலாளர் மகால் சந்துக்குத் தானே போய், அக்கா வீட்டு வாசலில் நின்று, திரும்பி வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் விளாங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள அக்கா ஒப்புக்கொண்டிருந்தார். வாரத்தில் ஒருநாள் மட்டும் வருவதாகச் சொன்னார். அந்தக் கடைக்காரர் என்ன ஆனார் என்று கேட்டால், செயலாளரே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாராம். அவர் மகளிடம் கேட்டாரா, அவள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் தொடர்ந்து வந்தாள். கல்யாணம் தள்ளிப்போனது. அதற்குமேல் நானும் விசாரிக்கவில்லை.

அக்கா திரும்பி வந்த முதல் சனிக்கிழமை. கூடத்தில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து நான் சொன்னேன். எனக்குள் அது அரித்துக்கொண்டே இருந்தது.

"மதினிகிட்ட நான்தான்க்கா சொன்னேன்."

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "என்ன சொன்ன?"

"உங்கள ஏன் நிப்பாட்டினாங்கன்னு."

"யாரைப் பத்திக் கேட்டாங்கன்னு சொன்னியா?"

"இல்லக்கா. யாரோ ஒருத்தரைப் பத்தின்னுதான் சொன்னேன்."

"கேட்டு வந்தது யாருன்னு?"

"அதையும் சொல்லல. அண்ணன் கேட்டாருன்னு மட்டுந்தான்."

அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் சொன்னதை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அப்ப நீ சொன்னது என் கதையத்தான்" என்றார். "அது பரவால்ல. அதை யாருகிட்ட வேணாலும் சொல்லிக்க."

சொல்லிவிட்டு, அடுத்த மெஷினுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.